மதுரையில் லோக்கல் கேபிள் ஃபைபர்: கேம் ஆடுபவருக்கு இந்த நெட் தேறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படம் பார்க்க, ரீல்ஸ் தள்ள, ஆபீஸ் மீட்டிங்கில் தலை காட்ட மட்டும்தான் நெட் வேண்டும் என்றால் எங்கள் ஏரியா கேபிள்காரர் தரும் ஃபைபரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மேலே படிக்க வேண்டியதே இல்லை. வாலரன்ட், சிஎஸ் 2, பிஜிஎம்ஐ என்று ராத்திரி உட்காருபவர் என்றால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த லைன் வாங்கியபடியே கேமுக்குத் தேறாது, ஆனால் தேற வைக்கலாம். அதற்கு என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் இந்த விமர்சனத்தில் முக்கால்வாசி. ஆபரேட்டர் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனமில்லை, மதுரையில் நாலு தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், உங்கள் தெருவில் வேறு ஆளாக இருப்பார், பெட்டியும் வயரும் புகாரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் எடுத்திருப்பது 100 எம்பிபிஎஸ் பிளான். மாதம் 599, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 707 ரூபாய். இன்ஸ்டலேஷன் இலவசம், ஓஎன்யூ பெட்டிக்கு (வீட்டுக்குள் ஃபைபர் வந்து முடிகிற, வைஃபையும் தருகிற பெட்டி) டெபாசிட் வாங்கினார்கள். பிளான் நோட்டீஸில் இல்லாத ஒரு சங்கதி, டவுன்லோடு 100 வந்தாலும் அப்லோடு 20தான். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

வேகத்தில் குறையே கிடையாது. எந்த நேரத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டாலும் 95க்குக் குறையாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கேமில் லேக் அடிக்கிறது என்று போன் போட்டால் வருகிற டெக்னீஷியன் அண்ணன் முதலில் தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டு, "தம்பி, நூறு வருதுல்ல, அப்புறம் என்ன?" என்று கிளம்பிவிடுவார். ஆடும்போது இந்த வகை கேம்கள் பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ் கூடத் தின்னாது. அதற்குத் தேவை சின்னச் சின்ன பாக்கெட் (தகவல் துண்டு), அது சரியான நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வாலரன்ட் சர்வர் நொடிக்கு 128 டிக்கில் ஓடுகிறது, அதாவது 8 மில்லி செகண்டுக்கும் குறைவான இடைவெளியில் உலகத்தைப் புதுப்பிக்கிறது. இதில் பத்து பாக்கெட் காணாமல் போனால் ஸ்பீட் டெஸ்டில் தெரியாது, எதிரே நின்றவன் திடீரென்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான். அதனால் "100 போதாது, 300க்கு மாறுங்கள்" என்று கஸ்டமர் கேரில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். 300 எடுத்தால் கேமை இறக்குவதும் அப்டேட்டும் சீக்கிரம் முடியும், லேக் அப்படியேதான் இருக்கும்.

சரி, எங்கே ஓட்டை என்று எப்படிப் பார்ப்பது? வாலரன்டில் வீடியோ செட்டிங்ஸுக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் நெட்வொர்க் ஆர்டிடி (பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், நாம் பிங் என்பது இதைத்தான்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலைகிற பாக்கெட்) இரண்டையும் கிராஃபாக வைத்துவிடுங்கள். பிங் எகிறுவது ஒரு வியாதி, பாக்கெட் தொலைவது வேறு வியாதி, இரண்டையும் "லேக்" என்ற ஒரே பெயரில் திட்டினால் எந்த டெக்னீஷியனாலும் உதவ முடியாது. அப்புறம் கம்ப்யூட்டரில் இரண்டு கருப்பு விண்டோ (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ஒன்றில் ரூட்டர் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8க்கும் நிற்காமல் பிங் ஓட விட்டு கேம் ஆடுங்கள். ரூட்டருக்கே பிங் 40, 80 என்று துள்ளினால் கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில், ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். ரூட்டர் வரை 1 மில்லி செகண்டில் சுத்தமாக இருந்து வெளியே மட்டும் துள்ளினால் கோளாறு லைனில், அல்லது லைனை யாரோ அடைக்கிறார்கள். இரண்டுமே சுத்தம், கேமில் மட்டும் லேக் என்றால் சர்வர் பக்கமோ போகிற பாதையோ. எல்லா நண்பர்களும் ஒரே நேரத்தில் கத்தினால் சர்வர்தான், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வைஃபை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஓஎன்யூ பெட்டியை ஹாலில் டிவிக்குப் பின்னால் மாட்டுவார்கள், நீங்கள் மாடி ரூமில் ஆடுவீர்கள், நடுவே காங்கிரீட் தளம். 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடுகள் பன்னிரண்டு, கூடவே உங்கள் புளூடூத் ஹெட்போனும் அதே அலைவரிசையில். லேன் வயர் இழுங்கள். கேட் 6 வயர் எலக்ட்ரிகல் கடையிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும், கேபிள்காரரே இரண்டு முனையும் அடித்துத் தருவார், கேட்டால் போதும். டெக்கன் 8 ஆடுபவர்களுக்குத் தெரியும், எதிராளி வயரா வைஃபையா என்று கேமே காட்டிக்கொடுக்கும், வைஃபை சின்னத்தைப் பார்த்ததும் பலர் ரிஜெக்ட் அடித்துவிடுவார்கள். நானும் அடிப்பேன்.

இந்த சர்வீஸில் எனக்குப் பெரிய ஆத்திரம் வந்தது மழைக்காலத்தில். கிராஃபில் பிங் நேராக இருக்கும், ஆனால் பாக்கெட் லாஸ் கோடு மட்டும் கொத்துக் கொத்தாக எழும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் உறைந்து நின்று மறுபடி ஓடுவார்கள். காம்பெடிடிவ் மேட்சில் இரண்டு முறை டிஸ்கனெக்ட் ஆனால் பெனால்டி வேறு. கஸ்டமர் கேரில் "பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற பாட்டுதான். பிரவுசர் வழியாக ஓஎன்யூ பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனால் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், கண்ணாடி இழை வழியாக வருகிற ஒளி எவ்வளவு வந்து சேர்கிறது என்ற கணக்கு, டிபிஎம் அளவில் மைனஸில் காட்டும். கனெக்‌ஷன் கொடுத்த அன்று மைனஸ் 19 இருந்ததைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் மைனஸ் 26.8. பார்க்க எட்டு எண் வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் இந்த அளவில் மூன்று குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்குக்கு முன்பு வந்த ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. ஜிபான் என்கிற இந்த வகை ஃபைபர் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27 வரைதான் படிக்கும், அதைத் தாண்டினால் ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் லைட் சிவப்பாகச் சிமிட்ட ஆரம்பித்துவிடும். விளிம்பில் நிற்கிறபோது லைட் பச்சையாகத்தான் இருக்கும், நெட்டும் வேலை செய்யும், பாக்கெட் மட்டும் சிந்திக்கொண்டே இருக்கும். பச்சை லைட்டைப் பார்த்து "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

இந்த இரண்டு போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று சாயங்காலமே வண்டி வந்தது. எண்ணோடு பேசினால் மரியாதையே தனி. பவர் மீட்டரை எடுத்துக்கொண்டு அண்ணன் போஸ்ட்டில் ஏறினார், அங்கே சரியாக வருகிறது. போஸ்ட்டிலிருந்து எங்கள் மொட்டை மாடிக்கு வருகிற வயர் பக்கத்து வீட்டுத் தென்னையை உரசிக்கொண்டு வரும், அந்த இடத்தில் மேல் தோல் கொறிபட்டு உள்ளே வெள்ளையாக இழை தெரிந்தது. அணில். "இந்த ஏரியாவுல பாதி கம்ப்ளெயின்ட் அணில்தாம்பா" என்றார். முழுசாக அறுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், அரைகுறையாகக் கொறித்துவிட்டுப் போனதில்தான் இத்தனை பாடு. தென்னையைத் தொடாமல் புது வயர் இழுத்து, முனையை ஒட்டியதும் மைனஸ் 18.7. பாக்கெட் லாஸ் கோடு அதன் பிறகு தரையில் படுத்தே கிடக்கிறது. வயருக்குக் காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். களத்தில் வருகிற ஆட்கள் தங்கம், கஸ்டமர் கேர் எண்தான் தண்டம்.

அடுத்தது அந்த 20 எம்பிபிஎஸ் அப்லோடு. வீட்டில் யாரோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த ராத்திரி, பிங் 38லிருந்து 350க்குப் போகும். பாக்கெட் லாஸ் இல்லை, ரூட்டர் வரை பிங் சுத்தம். காரணம் அக்காவின் போன், எடுத்த போட்டோ, வீடியோ அத்தனையையும் தானாக பேக்கப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பியதும் ஓஎன்யூ பெட்டி மிச்சத்தையெல்லாம் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைக்கும், உங்கள் கேம் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ரேஷன் கடை வரிசையில் ஒரு தீப்பெட்டி வாங்க நிற்பது மாதிரி. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர், ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் தன் வீட்டு நெட்டில் கவனித்து உலகத்துக்கு உரக்கச் சொன்னது. உங்கள் லைனில் இருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப சுலபம், ஒரு பக்கம் 8.8.8.8க்கு பிங் ஓட விட்டு இன்னொரு பக்கம் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள், அப்லோடு ஓடுகிற நேரத்தில் பிங் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஸ்பீட் டெஸ்ட் உருப்படியாகப் பயன்படுகிற ஒரே இடம் இதுதான் என்பேன்.

இதற்குத் தீர்வு ஆபரேட்டர் பெட்டியில் கிடையாது. அதில் எதற்கு முன்னுரிமை என்று வைக்கிற க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, டிக் போட்டால் ஒன்றும் நடக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ஒரு ரூட்டர் வாங்கி, ஆபரேட்டர் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (லைனை நம் ரூட்டருக்கு அப்படியே கடத்திவிடும் முறை) போடச் சொல்லி, லைனில் லாகின் ஆக வேண்டிய பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் மூன்றையும் கேட்டு வாங்கி நம் ரூட்டரில் போட்டேன். பாஸ்வேர்டு தர முதலில் யோசித்தார்கள், "எழுதி வச்சுக்கோங்க, மாத்தினா நாங்க பொறுப்பில்ல" என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள், நியாயம்தான். அப்புறம் வரிசையை ஒழுங்குபடுத்துகிற எஸ்க்யூஎம் என்ற பேக்கேஜைப் போட்டு, அதில் பங்கு போடும் முறை கேக் என்று தேர்ந்தெடுத்து, டவுன்லோடு 85, அப்லோடு 18 என்று வைத்தேன். உண்மையில் வருவதைவிடப் பத்து சதவீதம் குறைத்து வைத்தால், வரிசை ஓஎன்யூவில் சேராமல் நம் ரூட்டரிலேயே நிற்கும், அது ஒவ்வொருவருக்கும் பங்கு போட்டு அனுப்பும், சின்ன பாக்கெட் முன்னால் போய்விடும். கேக் 2018லேயே லினக்ஸ் 4.19க்குள் சேர்ந்துவிட்டது, புது வித்தை ஒன்றும் இல்லை, நம்மூரில் கொடுக்கிற பெட்டிகளில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இப்போது அக்கா ஊர்வலம் முழுவதையும் ஏற்றினாலும் பிங் 45ஐத் தாண்டுவதில்லை. பத்து எம்பிபிஎஸ் வேகத்தைத் தானமாகக் கொடுத்தோமே என்று அப்பாதான் கணக்குக் கேட்டார், டிவியில் படம் ஓடுவதில் வித்தியாசம் தெரிந்தால் திருப்பி வைக்கிறேன் என்றேன், அதன் பிறகு பேச்சில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும், விலை குறைந்த பழைய ரூட்டர்களின் பிராசசர் இந்த வேலைக்குத் திணறும், வாங்கும் முன் அந்த மாடல் எஸ்க்யூஎம் போட்டு எத்தனை எம்பிபிஎஸ் தாங்குகிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

நேட் (பல சாதனங்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது) விவகாரத்துக்கு வருவோம். பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் நெட்வொர்க் டெஸ்ட் போட்டால் நேட் டைப் 3, அதாவது இருப்பதிலேயே கறாரானது என்று காட்டும், நண்பனின் பார்ட்டியில் சேர முடியாது, சேர்ந்தாலும் குரல் கேட்காது. இந்த லைனில் முதல் நாளே அப்படித்தான். யூடியூப் வீடியோக்கள் எல்லாம் போர்ட் ஃபார்வர்ட் போடு, யூபிஎன்பி ஆன் பண்ணு (இரண்டுமே வெளியிலிருந்து வருபவருக்கு ரூட்டரில் கதவு திறக்கும் வழி) என்று சொல்லும், போட்டாலும் ஒன்றும் மாறாது. ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போய் வேன் ஐபியை (ஆபரேட்டர் உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே பொது முகவரியை ஆபரேட்டர் பல வீடுகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறார். இந்த வேலைக்கென்றே அந்த எண்களை 2012ல் ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவனுக்கு உங்கள் வீடு எது என்றே தெரியாது, உங்கள் ரூட்டரில் எத்தனை கதவைத் திறந்து வைத்து என்ன பயன்?

ஆனால் இதில் பதற வேண்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். வாலரன்ட், சிஎஸ் 2, பிஜிஎம்ஐ மூன்றிலும் நீங்கள் கம்பெனி சர்வருக்குத்தான் கனெக்ட் ஆகிறீர்கள், சிஜிநேட் இருந்தாலும் ஆடுவதில் வித்தியாசம் இருக்காது. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான, மாறாத பொது முகவரி) வாங்கினால் வாலரன்ட் பிங் குறையும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி ஆளுக்கு ஆள் நேராகக் கனெக்ட் ஆகிற சண்டை கேம்கள் ஆடுபவர்கள், கன்சோலில் பார்ட்டி பேசுபவர்கள், வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் வைப்பவர்கள், இவர்களுக்குத்தான் தலைவலி. இந்த ஆபரேட்டரிடம் ஐபிவி6 (பங்கு போடாமல் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி தரும் புது முறை) கிடையாது, ஸ்டாட்டிக் ஐபி வருடத்துக்கு 1,500, ஜிஎஸ்டி தனி. நான் எடுத்தேன், மறுநாளே பிஎஸ்5ல் டைப் 2 வந்துவிட்டது, அது போதும், டைப் 1க்கு ஆசைப்பட வேண்டாம். மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு 25565 போர்ட்டைத் திறந்ததும் கோயம்புத்தூரிலிருந்து சித்தி பையன் உள்ளே வந்து என் கோழிப் பண்ணையைக் கொளுத்திவிட்டுப் போனான், வேலை செய்கிறது என்று புரிந்தது. காசு செலவு பண்ண மனசில்லை, நாலு நண்பர்களோடு மைன்கிராஃப்ட் மட்டும்தான் என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் ஆப்பை எல்லோரும் போட்டுக்கொண்டாலே போதும், சிஜிநேட்டைத் தாண்டி அதுவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

ராத்திரி எட்டு மணி பிரச்சினைதான் கடைசியாகத் தீர்ந்தது, இன்னும் முழுசாக நம்பவில்லை. பகலில் மும்பை வாலரன்ட் சர்வருக்கு 38, சென்னை சிஎஸ் 2 சர்வருக்கு 12. ராத்திரியானால் சென்னை அதே 12, மும்பை மட்டும் 100ஐத் தொடும். அணில் இல்லை, அக்கா இல்லை. டிரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டால் சென்னைக்குப் போன பாக்கெட், அங்கிருந்து சிங்கப்பூர் போய்விட்டு மும்பைக்குத் திரும்புகிறது, நடுவில் வருகிற ரூட்டர்களின் பெயரிலேயே சிங்கப்பூர் சுருக்கெழுத்து இருந்தது. நெரிசல் நேரத்தில் ஆபரேட்டருக்கு மேலே இருக்கிற கம்பெனி பாதையை மாற்றிவிடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், போய்வரவே 32 மில்லி செகண்ட் செலவு, அப்புறம் மும்பை வரை தனி. எந்த செட்டிங்ஸ் மாற்றியும் இதைக் குறைக்க முடியாது. டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றினால் பிங் குறையும் என்பது சுத்தக் கதை, டிஎன்எஸ் முகவரி தேடுவதோடு சரி, மேட்ச் ஓடும்போது அதற்கு வேலையே இல்லை. கேம் பூஸ்டர் என்று மாதச் சந்தா கேட்கிற ஆப்கள் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் உதவலாம், அவை தங்கள் பாதையில் திருப்பி அனுப்புவதால். பாதை ஒழுங்காக இருக்கிறவன் வாங்கினால் வீண்.

பகல், ராத்திரி இரண்டு டிரேஸ்ரூட்டையும் கஸ்டமர் கேருக்கு அனுப்பினேன், "சார், எங்க பக்கம் இஷ்யூ இல்ல" என்று டிக்கெட்டை மூடினார்கள். அணில் வயர் மாற்றிய அண்ணனிடம் கேட்டு மெயின் ஆபீஸ் நெட்வொர்க் பையனின் எண்ணை வாங்கி அவருக்கு அனுப்பினேன். அவரும் வாலரன்ட் ஆடுபவராம், இரண்டு கேள்விதான் கேட்டார், அடுத்த வாரம் ராத்திரி 40க்கு வந்துவிட்டது. டிரேஸ்ரூட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: நடுவில் ஒரு ரூட்டரில் 60 சதவீதம் லாஸ் என்று காட்டி, அதற்கடுத்த ரூட்டர்களில் பூஜ்யம் என்றால் அது லாஸே இல்லை, அந்த ரூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல் படுகிறது, அவ்வளவே. அதைக் காட்டிச் சண்டை போட்டால் விவரம் தெரிந்தவர் உங்களை அதோடு கழற்றிவிடுவார். ஆரம்பித்த இடத்திலிருந்து கடைசி வரை லாஸ் தொடர்ந்தால்தான் பேச்சு.

கரண்ட் கட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ஓஎன்யூவுக்கும் ரூட்டருக்கும் வாங்கி வைத்தேன். எங்கள் வீட்டுக்கும் ஆபரேட்டர் ஆபீஸுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி எதுவும் இல்லை, ஒளியைப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர்தான், ஆபீஸில் பேட்டரி இருக்கிறது, அதனால் ஏரியாவே இருட்டானாலும் நெட் நிற்பதில்லை. சில இடங்களில் போஸ்ட் பெட்டிக்குள்ளேயே கரண்ட்டில் ஓடும் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள், அங்கே நீங்கள் எத்தனை யுபிஎஸ் வைத்தும் பிரயோஜனமில்லை. கனெக்‌ஷன் வாங்கும் முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள், கூடவே அப்லோடு எவ்வளவு, பிரிட்ஜ் மோடு தருவீர்களா, ஸ்டாட்டிக் ஐபி உண்டா என்ற மூன்றையும்.

மதிப்பெண் போடச் சொன்னால் வாங்கியபடி ஐந்துக்கு இரண்டு, இத்தனையும் செய்த பிறகு நாலு. அந்த ஒன்றைக் கஸ்டமர் கேர் தின்றுவிட்டது. வருடச் சந்தா கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று போன வாரம் நோட்டீஸ் வந்தது, ராத்திரி எட்டு மணிக்கு மும்பை 40லேயே நிற்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதால் நான் மாதாமாதமே கட்டுகிறேன்.